பதின்மூன்றாம் திருப்பம்

2005 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. இந்தியாவில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் நகரில் நண்பகல் கடந்திருந்தது. ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றுக்கு இருபது கார்கள் புறப்பட்டன. சுற்று முடியும் தறுவாயில் அவற்றுள் பதினான்கு, ஒன்றன்பின் ஒன்றாகத் தடத்தை விட்டு விலகி, பிட் பாதைக்குள் நுழைந்து நின்றுவிட்டன. எஞ்சிய ஆறு கார்கள், நடுவில் வெற்றிடங்கள் விரிந்து கிடக்க, தமக்குரிய இடங்களில் போய் நின்றன. விளக்குகள் அணைந்தன, பந்தயம் தொடங்கியது. பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். குப்பிகள் தடத்தில் வந்து விழுந்தன.

அந்த ஆறு பேரில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன். அவர் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவரே. அதற்குப் பிறகு இன்னொருவர் அந்த இடத்துக்கு வரவில்லை.

இந்த நான்காமிடம் நம்மிடையே இரு விதமாகச் சொல்லப்பட்டு வருகிறது. பெருமிதத்தோடு சொல்பவர்கள் அன்று ஓடிய கார்கள் எத்தனை என்பதைச் சொல்வதில்லை. ஏளனத்தோடு சொல்பவர்கள் அதை மட்டுமே சொல்கிறார்கள். பதினான்கு பேர் ஏன் விலகினார்கள் என்ற கேள்விக்கு இரு தரப்பிலும் 'டயர் பிரச்சினை' என்ற இரு சொற்களே விடையாகக் கிடைக்கும். அந்த இரு சொற்களுக்குள் நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு மடிந்து கிடக்கிறது. டயருக்குள் எவ்வளவு காற்று, சக்கரம் எத்தனை பாகை சாய்வு, அந்த எண்களைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றிய வரலாறு அது.

நாமெல்லோரும் பஞ்சர் கடையில் 'முப்பது பவுண்டு வையுங்கள்' என்று சொல்லிப் பழகியவர்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்வோம். சாலையில் ஓடும் காருக்கு இவ்விரண்டும் பராமரிப்பு வேலைகள். பந்தயத் தடத்தில் அப்படியல்ல. அங்கே ஒரு பவுண்டு காற்றும் கால் பாகைச் சாய்வும் காரின் இயல்பையே மாற்றிவிடுகின்றன.

காற்றைக் குறைத்தால் டயர் சற்றே தளர்ந்து, தரையோடு கூடுதலான பரப்பில் படிகிறது, பிடிப்பு மிகுகிறது. ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் சுடுவதுபோல் டயரின் உட்புறம் சூடாகிறது. வேகம் மிகும்போது மடங்கிய பகுதி நிமிர்வதற்குள் அடுத்த சுழற்சி வந்துவிட, டயரின் மேல் ஓர் அலை உருவாகி அப்படியே நிற்கத் தொடங்குகிறது. அந்நிலை நீடித்தால் உள்ளிருக்கும் இழைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். பந்தய ஓட்டத்தில் காற்று தானாகவே விரிவடையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஒன்று அல்லது ஒன்றரை பவுண்டு ஏறும். ஆகவே குளிர்ந்த டயரில் வைக்கும் எண் ஒரு முன்கணிப்புதான். உண்மையான எண் சில சுற்றுகள் ஓடிய பிறகே தெரியும்.

சாய்வைக் கேம்பர் என்பார்கள். சக்கரத்தின் மேற்பகுதி காரை நோக்கிச் சாய்ந்திருந்தால் அது எதிர்க் கேம்பர். திருப்பத்தில் கார் வெளிப்புறமாகச் சரியும்போது, முன்கூட்டியே உட்சாய்த்து வைத்த வெளிச்சக்கரம் தரையில் செம்மையாகப் பதிகிறது. ஆனால் நேர்ப்பாதையில் அதே சக்கரம் தன் உள்தோளில் மட்டுமே ஓடுகிறது. வெப்பம் முழுவதும் அந்த விரற்கடைப் பட்டையில் சேர்கிறது. டோ என்பது நடப்பவரின் பாதங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பதைப் போன்றது. முன்சக்கரங்கள் இம்மி வெளிநோக்கியிருந்தால் கார் திருப்பத்துக்குள் சுறுசுறுப்பாக நுழையும். அதற்கு ஈடாக நேர்ப்பாதையில் சற்று அலைபாயும்.

இவற்றைச் சரிபார்க்கப் பழைய மெக்கானிக்குகள் கையாண்ட முறை எனக்கு எப்போதும் நாடி பார்ப்பதை நினைவூட்டும். கார் வந்து நின்றதும் டயர் ரப்பரில் ஊசி முனையுள்ள வெப்பமானியை உள்தோள், நடு, வெளித்தோள் என்று மூன்று இடங்களில் குத்திப் பார்ப்பார்கள். நடுப்பகுதி மட்டும் சுட்டால் காற்று அதிகம். இரு ஓரங்களும் சுட்டால் காற்றுப் போதவில்லை. உள்தோள் மிகையாகச் சுட்டால் சாய்வு எல்லை மீறிவிட்டது. பிடிப்பு வேண்டுமென்றால் டயரின் ஆயுளில் ஒரு பகுதியைக் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு கொடுப்பது என்பதுதான் பேரம்.

இந்தக் கலையின் வேர்கள் மோட்டார் காருக்கும் முற்பட்டவை. குதிரை வண்டி திரும்பும்போது உட்சக்கரம் சிறிய வட்டத்தையும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்தையும் வரைய வேண்டும். ஆகவே இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்ப வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைச் சிந்தித்தவர் எராஸ்மஸ் டார்வின். சார்ல்ஸ் டார்வினின் பாட்டனார், மருத்துவர், கவிஞரும்கூட. மியூனிக் நகர வண்டித் தச்சர் கியார்க் லாங்கென்ஸ்பெர்கர் அதைச் செய்து காட்டினார். அவருக்காக 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். வாகன உலகம் இன்றும் 'ஆக்கர்மன் அமைப்பு' என்றே சொல்கிறது. கண்டுபிடித்த தச்சரின் பெயர் மறைந்துவிட்டது. ஆக்கர்மன் யாரென்று பார்த்தால் லண்டனில் ஓவிய அச்சுகளும் கலை இதழும் வெளியிட்டுக்கொண்டிருந்த ஒரு பதிப்பாளர்! பதிப்பாளர் பெயர் நிலைத்து, படைத்தவர் பெயர் மறைவது இலக்கியத்தில் மட்டும் நிகழ்வதல்ல போலும்.

அக்கால வண்டிச் சக்கரங்கள் மேற்புறம் வெளிநோக்கிச் சாய்ந்திருந்தன. கிண்ணம்போல் குழிந்த மரச்சக்கரத்தில், தரையைத் தொடும் ஆரக்கால் செங்குத்தாக நின்று பாரம் தாங்குவதற்காகத் தச்சர்கள் அச்சின் முனையை வளைத்து வைத்தார்கள். மோட்டார் கார் இந்த வெளிச்சாய்வைக் கேள்வியின்றிப் பெற்றுக்கொண்டது. சக்கரங்களை உட்புறம் சாய்க்கும் வழக்கம் பந்தயங்களில் நிலைபெற இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆயிற்று.

காற்றின் கதை தனி. ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். மோட்டார் காரின் எடையைக் காற்று தாங்குமா என்பது அடுத்த ஐயம். 1895இல் நடந்த பாரிஸ் - போர்தோ - பாரிஸ் பந்தயத்தில் ஆந்திரே, எதுவார் மிஷ்லின் சகோதரர்கள் காற்றடைத்த டயர்கள் பூட்டிய கார் ஒன்றைத் தாமே ஓட்டினார்கள். வழியெங்கும் பஞ்சர். அவர்கள் வெல்லவில்லை, ஆனால் கார் காற்றின்மேல் ஓடக்கூடும் என்று காட்டிவிட்டார்கள். இந்தக் குடும்பப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1920களில் குறைந்த அழுத்தத்தில் ஓடும் அகன்ற 'பலூன்' டயர்கள் வந்தன. கூடவே முன்சக்கரங்கள் கிடுகிடுவென நடுங்கும் நோயும் வந்தது. அப்போதுதான் பொறியாளர்கள் டயரை வெறும் ரப்பர் வளையமாகப் பார்ப்பதை விடுத்தார்கள். ஃபிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் ப்ரூலியே, திருப்பத்தில் டயர் தான் நோக்கும் திசையில் செல்வதில்லை, சற்று விலகிய திசையிலேயே செல்கிறது என்று 1925இல் எழுதினார். ரோல்ஸ் ராய்சிலிருந்து ஜெனரல் மோட்டார்சுக்குச் சென்ற மாரிஸ் ஓலி, 1930களில் அந்த விலகு கோணத்தைக் கொண்டு ஒரு கார் ஏன் முன்புறம் வழுக்குகிறது, ஏன் பின்புறம் வழுக்குகிறது என்று விளக்கினார். சீரமைப்பு என்பது கைப்பக்குவம் என்ற நிலையிலிருந்து கணக்காக மாறியது இவர்கள் காலத்தில்தான்.

மிஷ்லின் நிறுவனம் 1946இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது; 1977இல் ரெனோ காரில் அதை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்தது. ரேடியலின் பக்கச்சுவர் மென்மையானது. தரையில் படியும் பகுதி தட்டையாகவே இருக்கும். அதன் முழுப் பயனைப் பெறச் சக்கரத்தை முன்பைவிடக் கூடுதலாக உட்சாய்க்க வேண்டியிருந்தது. சாய்வின் எண்கள் வளர்ந்தன; காற்றின் எண்கள் தேய்ந்தன. எந்த அளவு ஆபத்து என்பதை ஒவ்வோர் அணியும் தன் பட்டறிவால் தானே முடிவு செய்துகொண்டது.

இனி 2005. அவ்வாண்டு ஒரு புதிய விதி வந்தது: தகுதிச் சுற்றுக்கும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பந்தயத்துக்கும் ஒரே தொகுதி டயர்கள்தாம், பழுதுபட்டாலன்றி மாற்றக் கூடாது. மே 29 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் அதன் விளைவு தெரிந்தது. முன்னணியில் இருந்த கிமி ரைக்கோனனின் டயர், சக்கரம் பூட்டிக்கொண்டதால் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகியிருந்தது. அந்த அதிர்வைத் தாங்காமல் கடைசிச் சுற்றில் அவரது காரின் சஸ்பென்ஷன் முறிந்தது. அணி எண்ணியிருந்தால் டயரை மாற்றியிருக்கலாம். முதலிடம் போய்விடும் என்று மாற்றவில்லை.

மூன்று வாரம் கழித்து இண்டியனாபொலிஸ். இந்தத் தடத்தின் தனித்தன்மை, ஓரிடத்தில் இரண்டு தடங்கள் இருப்பது. புகழ்பெற்ற நீள்வட்டத்தின் ஒரு பகுதியையும், உள்ளே அமைத்த நெளிவு சுளிவான சாலையையும் இணைத்து ஃபார்முலா ஒன் பாதை உருவாக்கப்பட்டிருந்தது. அதன் பதின்மூன்றாம் திருப்பம், நீள்வட்டத்தின் முதல் திருப்பமேதான். ஆனால் எதிர்த்திசையில் ஓட வேண்டியது. தளம் 9 பாகைக்குச் சற்று அதிகமாக உட்புறம் சாய்ந்திருக்கும். மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில், ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தியபடி கார்கள் அங்கே திரும்பின.

அங்கே ஓடும் இண்டி கார்களைப் பாருங்கள். அவை நீள்வட்டத்தில் இடப்புறமாக மட்டுமே திரும்புகின்றன. ஆகவே நான்கு சக்கரங்களையும் இடப்புறமாகச் சாய்த்துவிடுவார்கள். வலச் சக்கரங்களுக்கு எதிர்க் கேம்பர், இடச் சக்கரங்களுக்கு அதன் நேர்மாறு. பின்புற வல டயரைச் சற்றே பெரிதாகவும் வைத்து, கார் தானாகவே இடப்புறம் திரும்ப விழையுமாறு செய்வதுண்டு. முழுக் காரும் ஒரே வகைத் திருப்பத்துக்காகச் செதுக்கப்பட்டது. ஃபார்முலா ஒன் காருக்கு அந்த வசதி இல்லை. உட்சாலையின் மெதுவான வளைவுகள் இருபுறமும் திரும்பின. அங்கே மென்மையான டயரும் குறைந்த காற்றும் வேண்டும். சாய்தளமோ உறுதியான பக்கச்சுவரையும் நிறைந்த காற்றையும் கேட்டது. இரண்டுக்கும் ஒரே டயர், ஒரே எண்.

நீள்வட்டத் திருப்பத்தின் ஆரம் ஏறக்குறைய 256 மீட்டர். 300 கிலோமீட்டர் வேகத்தில் அதைச் சுற்றும் காரை, தளத்தின் சாய்வு ஒன்று மட்டுமே அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு நிகரான கூடுதல் விசையோடு தரையில் அழுத்தும். இது என் தோராயக் கணக்கு. ஓட்டுநர் தேர்ந்துகொள்ளும் கோட்டைப் பொறுத்து மாறும். காற்றியக்கத்தால் இறக்கைகள் தரும் அழுத்தம் இதன்மேல் சேரும். வலப்புறம் திரும்புவதால் பாரத்தின் பெரும்பகுதி இடப்புறச் சக்கரங்களுக்குப் போகும். உந்துவிசையையும் சுமக்கும் பின்புற இட டயர்தான் அதிகம் வருந்தும். தளமும் புதிது. மறுபடி பரப்பப்பட்ட தார், வைரப் பற்கள் பதித்த கருவியால் கீறப்பட்டுப் பிடிப்பு மிகுந்திருந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்துக்கு அதன் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன் வழியாக இந்தத் தளத்தோடு பழக்கமிருந்தது. இண்டி கார்களுக்கு டயர் தருவது ஃபயர்ஸ்டோன்தான். மிஷ்லினுக்கு அப்படியொரு துணை அங்கே இல்லை.

ஜூன் 17, வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா பதின்மூன்றாம் திருப்பத்தில் சுவரில் மோதியது. பின்புற இட டயர் சிதைந்திருந்தது. முந்தைய ஆண்டும் அதே இடத்தில் மோதி முதுகெலும்பில் முறிவு கண்டவர் அவர். மற்ற மிஷ்லின் டயர்களை ஆராய்ந்தபோது கவலை பெருகியது. ஐரோப்பாவிலிருந்து வேறு வகை டயர்கள் விமானத்தில் தருவிக்கப்பட்டன. அவற்றின் மீதும் நம்பிக்கை பிறக்கவில்லை. காற்றைக் கூட்டியோ சாய்வைக் குறைத்தோ சரிசெய்யும் எல்லையை அது கடந்திருந்தது. குறை டயரின் கட்டமைப்பிலேயே இருந்தது. அந்தத் திருப்பத்தில் வேகம் குறைக்கப்பட்டாலன்றித் தன் டயர்களின் பாதுகாப்புக்கு உறுதி கூற இயலாது என்று மிஷ்லின் எழுத்து மூலம் தெரிவித்தது.

110 ஆண்டுகளுக்கு முன் காரின் எடையைக் காற்று தாங்கும் என்று தம் உயிரைப் பணயம் வைத்துக் காட்டிய சகோதரர்களின் நிறுவனம், இந்த இடத்தில் தாங்காது என்று எழுதிக் கொடுத்தது. ஒரு வணிக நிறுவனத்துக்கு எளிதான கடிதமல்ல. அதன் தவற்றை ஒப்புக்கொண்டே அந்தக் கடிதத்தை நான் மதிக்கிறேன்.

தற்காலிகமாக ஒரு நெளிவை அமைத்து வேகத்தைக் குறைக்கலாம் என்ற யோசனையை ஃபெராரி நீங்கலாக மற்ற அணிகள் ஏற்றன. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு மறுத்தது. சரியான டயரோடு வந்தவர்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பது அதன் வாதம். மிஷ்லின் ஓட்டுநர்கள் அங்கே மெதுவாகச் செல்லட்டும், அல்லது சுற்றுதோறும் பிட் பாதை வழியாகப் போகட்டும் என்றார்கள். நியாயம் இருக்கிறது. ஆனால் முழுவேகத்தில் வரும் கார்களும் வேண்டுமென்றே தவழும் கார்களும் ஒரே திருப்பத்தில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வாதத்தில் விடை இல்லை. மறுநாள் பதினான்கு கார்கள் விலகியதைக் கோழைத்தனம் என்றவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். ஃபெராரிக்கு அந்த ஆண்டின் ஒரே வெற்றி. பாரிக்கெல்லோ இரண்டாவது. ஜோர்டன் அணியின் டியாகோ மோன்டெய்ரோ மூன்றாவது, அதே அணியின் நரேன் நான்காவது. பின்னால் மினார்டியின் இருவர். மேடையில் மோன்டெய்ரோ மட்டும் மகிழ்ச்சியை மறைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

நரேன் வழக்கமாகக் கடைசி வரிசைகளில் புறப்பட வேண்டிய காரைக் கொண்டிருந்தவர். அன்று அவர் செய்தது இதுதான்: பதினான்கு கார்களின் டயர்களால் தாங்க முடியாதென்று தயாரித்தவரே சொன்ன திருப்பத்தை, டயர் மாற்றாமல், ஏறக்குறைய 70 முறை முழுவேகத்தில் கடந்தார். அவருடைய டயர் வேறு நிறுவனத்தது என்பது உண்மை. வெள்ளிக்கிழமை ஒரு கார் சுவரில் மோதிய இடத்தை அத்தனை முறை அவ்வேகத்தில் கடக்க, தன் டயரைச் செய்தவர்களின் சொல்லை நம்பியாக வேண்டும் என்பதும் உண்மை. மற்ற பதினான்கு பேரும் தத்தம் டயரைச் செய்தவர்களின் சொல்லை நம்பித்தான் விலகினார்கள்.

டயர் மாற்றத் தடை 2006இல் நீக்கப்பட்டது. அன்று வந்த பார்வையாளர்களுக்கு மிஷ்லின் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தந்தது. அடுத்த ஆண்டுக்கு 20,000 சீட்டுகளையும் வாங்கி அளித்தது. 2006 முடிவில் ஃபார்முலா ஒன்னை விட்டே வெளியேறியது.

எண்களைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வி மட்டும் அங்கேயே நின்றது. 2011இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் பிரெல்லி நிறுவனம் முன்சக்கரங்களுக்குப் பரிந்துரைத்த 4 பாகைக் கேம்பரை ரெட் புல் அணி சற்றே மீறியது. தகுதிச் சுற்றிலேயே டயர்களின் உள்தோள்களில் கொப்புளங்கள் தோன்றின. மாற்ற அனுமதி கிடைக்கவில்லை. வெட்டல் வென்றார்; ஆனால் பந்தயம் முழுவதும் அச்சத்தோடு இருந்ததாக அக்காரை வடிவமைத்த ஏட்ரியன் நியூவி பின்னர் சொன்னார். 2013இல் சில்வர்ஸ்டோனில் ஹாமில்டன், மாசா, வெர்ன், பெரஸ் ஆகியோரின் டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. குறைந்த காற்று, மிகைச் சாய்வு, டயர்களை இடவலம் மாற்றிப் பூட்டியது, தட ஓரத்துக் கட்டைகள் ஆகியவற்றைப் பிரெல்லி காரணமாகக் காட்டியது. அத்தோடு பரிந்துரை கட்டளையாயிற்று: குறைந்தபட்சக் காற்றும் அதிகபட்சச் சாய்வும் தயாரிப்பாளர் சொல்வதே.

2015இல் இத்தாலியின் மோன்சாவில் ஹாமில்டன் காரின் பின்புற இட டயரில், நிர்ணயித்த 19.5 பவுண்டுக்கு 0.3 பவுண்டு குறைந்திருந்தது. ரோஸ்பெர்க் காரில் 1.1 பவுண்டு. பந்தயம் முடிந்து வெகுநேரம் விசாரணை நடந்தது. பூட்டும்போது அழுத்தம் சரியாக இருந்தது, சூடேற்றும் போர்வையை அகற்றியபின் டயர் குளிர்ந்து குறைந்தது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஹாமில்டனின் வெற்றி நிலைத்தது. ஒரு பவுண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான காற்றுக்காக உலகம் அன்று மாலை காத்திருந்தது. 1895இல் பஞ்சர் ஒட்டிக்கொண்டே போர்தோவுக்குப் போன சகோதரர்கள் இதைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார்களோ.

நரேன் 2011, 2012 ஆண்டுகளில் மீண்டும் ஃபார்முலா ஒன்னில் ஓடினார்; புள்ளி எதுவும் கிடைக்கவில்லை. இண்டியனாபொலிசில் ஃபார்முலா ஒன் கடைசியாக நடந்தது 2007இல். பதின்மூன்றாம் திருப்பத்துக்கு அந்தப் பெயர் இப்போது இல்லை. வழக்கமாக மே மாதத்தில், நான்கு சக்கரங்களையும் இடப்புறம் சாய்த்துக்கொண்ட இண்டி கார்கள் எதிர்த்திசையில் வந்து அதே தளத்தில் திரும்புகின்றன.